அம்மா பேசாத நாட்கள்

செப்டம்பர் 3, புதன்

அரை நாள் லீவ். ஸ்ட்ரோக் வந்து பேச்சுப் போன அப்பாவை, அம்மாவும் நானும் முதல் முறையாகப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனோம். தபித்தாள் மேடம் படங்களாகக் காட்டினார். பூ, பூனை, பஸ். பஸ் படத்தை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். வாய் திறந்தது. "த… த…" அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் கண்டக்டர்.

"எல்லாம் புரியுது அவருக்கு. வார்த்தை மட்டும் வாய்க்கு வரல. வீட்ல நாள் முழுக்க யாராவது அவர்கிட்ட பேசிட்டே இருக்கணும். யார் நல்லா பேசுவீங்க?" என்றார் மேடம்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை குனிந்துகொண்டாள்.

ஏனென்றால் அம்மா போன வெள்ளிக்கிழமையிலிருந்து பேசுவதில்லை. மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்: "அவரு வாயால என்னைக் கூப்பிடற வரைக்கும் நான் பேச மாட்டேன். ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

செப்டம்பர் 4

அப்படியானால் பேச வேண்டியது நான். ஆபீஸ் போன் அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று பைலைப் புரட்டுகிற நான். பேப்பரை வாசித்தேன், மழையைச் சொன்னேன், எங்கள் டீ பேக்டரிக்கு எவ்வளவு இலை வந்தது என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மூன்று பேர் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெரியப்பா மகன் தரணிதரன் அண்ணன் கோவையிலிருந்து வந்தார். கம்பெனிகளில் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர். சுவரெல்லாம் காகிதம் ஒட்டினார். 'நான் நன்றாகப் பேசுகிறேன்.' 'நான் முழு ஆரோக்கியமாக இருக்கிறேன்.'

"ஸ்ட்ரோக்ங்கற வார்த்தையே இந்த ஊட்ல வரக்கூடாது மனிஷா. மூளை கேட்டுட்டே இருக்கும். சித்தப்பா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. அத மட்டும் நம்புங்க."

அப்பா அந்தக் காகிதங்களைப் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஒன்றுமே இல்லையென்றால் ஏன் பேச வரவில்லை என்று யோசித்திருப்பாரோ?

செப்டம்பர் 12

சொல்லிவிட்டேன். "அப்பா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருச்சு. பேசற இடத்துல அடிபட்டுருச்சு. இது பைத்தியம் இல்லீங்கப்பா." கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தனை நாள் யாருமே அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் இடது கையால் சமையலறைப் பக்கம் காட்டினார். வாயைப் பொத்திக் காட்டினார். அவளுக்கு என்ன கோபம் என்று கேட்கிறார். வேண்டுதலையும் சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. இப்போது அம்மா காபி கொண்டு வரும்போதெல்லாம் அவர் முகம் வேர்க்கிறது. அவளுடைய பேச்சும் அவர் நாக்கின் மேல்தான் இருக்கிறது. ஒவ்வொரு டம்ளரும் ஒரு பரீட்சை. தோற்றுத் தோற்று, இன்று சாயங்காலம் காபியே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாரப்பன் மாமா வர்க்கி வாங்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் பஸ் டிரைவர்.

"ஏனுங் கண்டக்டரே, உங்களுக்குப் பதிலா ஒருத்தனப் போட்டிருக்காங்க. பர்லியார்ல எறங்கறவன் கல்லாத்துல நின்னு அழுகறான். ஸ்டாப்பு பேரு சொல்லோணும்னே தெரியல அவனுக்கு. நீங்க எப்படிச் சொல்லுவீங்க! ஊட்டி, கேத்தி, அருவங்காடு, வெலிங்டன், குன்னூர்…" என்றவர் வர்க்கியைக் கடித்தார்.

"காட்டேரி. பர்லியார். கல்லாறு. மேட்டுப்பாளையம்."

அப்பா! பஸ் ஸ்டாண்டுக் குரலில், ஒரு எழுத்து பிசகாமல்.

அம்மா கையிலிருந்த தட்டு விழுந்தது. ஓடிப்போய் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினாள். தரணி அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான் சொன்னேன்ல? பாசிட்டிவ் எண்ணத்தோட பவர்!" குடும்ப குரூப்பிலும் போட்டுவிட்டார். அம்மா கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரால் வந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. நானும் சந்தோஷமாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 23

தபித்தாள் மேடம் சிரிக்கவில்லை. "ஒண்ணு ரெண்டு மூணு சொல்ற மாதிரி இது. பழக்கத்துல தானா வர்றது. இதுலேருந்து மேல வரவும் செய்யலாம், இதோட நின்னும் போகலாம்."

வீட்டில் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்பா "காட்டேரி" என்கிறார். தப்பு என்று அவருக்கே தெரிகிறது. கண்ணை மூடிக்கொள்கிறார்.

அக்டோபர் 5

ஒரு அட்டையில் அம்மா போட்டோவை ஒட்டி, கீழே 'மரகதம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பத்து நாளாக இதுதான் பாடம். ம. மர. மரக. நான் சொல்ல, அவர் என் உதட்டையே பார்க்கிறார். "காட்டே…" என்று வருகிறது. கதவுத் திரைக்குக் கீழே அம்மாவின் பாதம் தெரிகிறது. நகரவே இல்லை.

அக்டோபர் 9

அம்மா மாதிரி கும்பிடவும் வரவில்லை, தரணி அண்ணன் மாதிரி நம்பவும் வரவில்லை. எனக்கு என்னதான் வரும்?

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பா பாத்ரூமில் விழுந்துவிட்டார்.

"ஏனுங்க! ஐயோ… மனிஷா, ஓடியா!"

யார் குரல் என்று ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை. கரகரவென்று, வேறு யாரோ போல.

அப்பாவுக்கு நெற்றியில் வீக்கம் மட்டும். படுக்க வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொள்கிறாள். "நானே கெடுத்துப்போட்டேன் அம்மிணி. நாப்பத்தாறு நாளு. இனி அவருக்கு வராது. என்னாலதான் வராது." சாப்பிடவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

அக்டோபர் 15

இன்றும் சாப்பிடவில்லை. பொய் சொன்னேன்.

"அம்மா, நீ கத்தறதுக்கு முன்னாடியே அப்பா உன்னைக் கூப்பிட்டாரு. நான் துணி மடிச்சிட்டிருந்தேன், நல்லாக் கேட்டுச்சு. விழறப்போ கூப்பிட்டாரு."

"நெசமாவா?"

"நெசமா."

"ஆத்தா மேல சத்தியமா?"

சத்தியம் செய்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் குரல் நடுங்காமல் பேசினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கயிறு அவிழ்க்கக் கோயிலுக்குப் போனோம். சாட்சிக்கு நானும் நிற்க வேண்டுமாம். தீபாவளிக் கூட்டம், தூறல். படி இறங்கும்போது அம்மா கேட்டாள்: "என்னன்னு கூப்பிட்டாரு?"

"மரகதம்னு."

நான்கைந்து படி இறங்கினாள்.

"கல்யாணம் ஆகி இருபத்துநாலு வருசம். ஒரு நாளும் அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை அம்மிணி. 'ஏ புள்ள'ன்னுதான்."

எனக்குத் தெரியும். இந்த வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். அட்டையைக் காட்டிக் காட்டி, எனக்கே அது மறந்துபோயிருந்தது.

மழையில் நின்றோம். திட்டுவாள் என்று நினைத்தேன். குடையை என் பக்கம் சாய்த்தாள். "செரி, நட. அவரு தனியா இருக்காரு."

அக்டோபர் 18

அம்மா பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பூனை, ஊறப்போட்ட அரிசி, என் கல்யாணம். நிறுத்தவே இல்லை. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். காபி குடித்தார்.

அக்டோபர் 28

டெப்போவிலிருந்து கடிதம். இனிமேல் கண்டக்டர் வேலை இல்லை. அப்பாவிடம் நானே படித்துக் காட்டினேன். ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

மேடம் நேற்று சொன்னார்: ஒன்பது வாரமாகிறது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு பேரிடமும் அப்படியே சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'புள்ள.' அப்பா வெகு நேரம் பார்த்தார். உதடு இரண்டையும் சேர்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்னுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.