நோயாளியிடம் சொல்லக்கூடாதது

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தேர்வு முடியும்வரை உங்கள் விடுதியில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. போனில் என்றால் என் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய்.

முதலில் அப்பா எழுதச் சொன்னது: அம்மா முன்பு போலவே இருக்கிறாள், கவலைப்படாமல் படி. எழுதிவிட்டேன். நீ பதறும்படி அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். “அவ பரீட்சையை விட்டுட்டு வந்து நின்னா உங்கம்மா என்னை மன்னிக்கவே மாட்டா” என்கிறார். ஆகவே இனிப் பாடச் சந்தேகங்கள் மட்டும்.

நானும் பள்ளி முடித்ததும் நர்சிங்தான் படிக்கப்போகிறேன். நீ விட்டுப்போன முதலாண்டுப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தாயிற்று. ஆனால் பயிற்சி எப்படியிருக்கும் என்பது, விடுமுறைக்கு வந்தபோது நீ சொன்ன கதைகளில்தான் தெரிந்தது. நீங்கள் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்த பொம்மை நோயாளி. விரிப்பின் மூலை மடிப்பு சரியில்லையென்று மூத்த சிஸ்டர் மொத்தத்தையும் உருவிப் போட்டது. வார்டில் நின்று நின்று கால் வீங்கி, நீயும் உன் தோழியும் ஒருவர் ஷூவை ஒருவர் பிடித்து இழுத்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது சிரிப்பதற்காகத்தான் பிடித்தாள்.

நீ என்னிடம் மட்டும் சொன்னது இன்னொன்று. வார்டில் ஒரு பெண்மணி இறந்தபோது, அவரைத் துடைத்துச் சுத்தம் செய்ய உன்னையும் கூப்பிட்டார்கள். “முகம் துடைக்கிறேம்மா, இப்போ கையைத் தூக்கப்போறேன்” என்று மூத்த சிஸ்டர் அவரிடம் சொல்லிச் சொல்லியே செய்தாராம். நீ அழுததும், “அழணும்னா துணி ரூமுக்குப் போய் அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வா. அடுத்த கட்டில்ல ஆள் காத்துக்கிட்டிருக்கு” என்றாராம். நம் வீட்டில் துணி அறை இல்லை. அப்பா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார். தண்ணீர் வீணாகிறதே என்று நான் சொல்வதில்லை.

இனி என் சந்தேகம். ஒரு நோயாளி இருப்பதாக வைத்துக்கொள். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் குடுங்க” என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். பிடித்தது எதையும் அவரால் விழுங்க முடியவில்லை. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைக்கிறோம். பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறோம். அப்படியும் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்துவிட்டது. எதிர் வீட்டு அத்தை அதில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வந்தார். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே சதை கெட்டுவிடும் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “அடேங்கப்பா, நர்சம்மா உத்தரவு! நான் உன்னைத் தூக்கி வளர்த்தவடி” என்றார். நோயாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விடுங்க, அவ அக்கா மாதிரியே அதட்டுறா” என்றார். அவர் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியம் அது.

இப்போது கண் திறப்பதில்லை. மூச்சு நின்று நின்று வருகிறது. அது நிற்கும்போது நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். புத்தகத்தில் இந்த நிலைக்கு ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது. அதில் ‘உறவினருக்குத் தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி. உறவினர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று போடவில்லை.

எல்லாம் அடங்கினாலும் காது கடைசிவரை கேட்கும் என்றாயே, அது நிஜம்தானே? உங்கள் சிஸ்டரைப் போல நானும் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன். நேற்று தலை வாரிக்கொண்டிருந்தபோது சொல்வதற்கு வேறொன்றும் தோன்றாமல், “அக்கா கிளம்பிட்டா, வந்துக்கிட்டிருக்கா” என்று சொல்லிவிட்டேன். என் மடியில் கிடந்த அவர் கை என் இடது கை விரலைத் தேடிப் பிடித்தது. இன்று காலையும் விடவில்லை. அந்தக் கையால் காகிதத்தை அழுத்திப் பிடிக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன், கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நோயாளியிடம் நடக்காத ஒன்றை நடக்கும் என்று சொல்லக்கூடாது, அதுதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்றாய். நான் அதை மீறினேனா இல்லையா என்பது இனி உன் கையில்தான் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு வரும் பேருந்தின் நடத்துனர் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாலைக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். திரும்பும்போது பேருந்தில் ஓர் இருக்கை பிடித்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

அப்பாவிடம் செய்த சத்தியத்தை நான் மீறவில்லை, அக்கா. சந்தேகம்தான் கேட்டிருக்கிறேன். பதிலை எழுதி அனுப்பாதே.

உன் வழி பார்த்திருக்கும்
தங்கை