பத்தொன்பது வீடுகளில் என் பாட்டில்

செப்டம்பர் 26, 2009, சனி

இன்று முதல் முறையாக வீட்டில் பீர் காய்ச்சினேன். கை சுடவில்லை. வீடு எரியவில்லை. காலையிலிருந்து இந்த இரண்டும் நடக்கப்போகின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்ததால் முதலில் எழுதிவிடுகிறேன்.

என் கணவன் டாரல் சுரங்க வேலைக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்தால் வீட்டில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. ஏதாவது கற்றுக்கொள் என்று அவன்தான் சொன்னான். மண்பாண்டம் செய்வாள் என்று நினைத்திருப்பான்.

திரைச்சீலைத் துணியில் நானே தைத்த பை. நாற்பது லிட்டர் பானைக்குள் பையை விரித்து, அதற்குள் ஐந்து கிலோ மால்ட், அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லி. அறுபத்தாறு டிகிரி தண்ணீர், மேலே பழைய கம்பளி, ஒன்றரை மணி நேரம். பிறகு பையைத் தூக்க வேண்டும். நனைந்த பார்லி என்ன கனம்! பின்வாசல் உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிற்றை இழுத்தேன். பை கிழிந்தால் அத்தனையும் என் காலில்தான். கிழியவில்லை. என் தையல்!

அக்டோபர் 10, சனி

டாரல் வந்திருக்கிறான். இரண்டு வாரம் நொதித்த பீரை இருவரும் சேர்ந்து பாட்டிலில் அடைத்தோம். பாட்டிலுக்குள் நுரை வர வேண்டுமென்றால் கடைசியாகக் கொஞ்சம் சர்க்கரை வேண்டும். கடையில் அதற்கென்றே மிட்டாய் போலக் கட்டிகள் விற்கிறார்கள். பெரிய பாட்டிலுக்கு இரண்டு. நான் நிரப்ப, அவன் கட்டி போட்டான். "ரெண்டு, ரெண்டு, ரெண்டு" என்று மாத்திரை கொடுக்கும் நர்ஸ் மாதிரி சொல்லிக்கொண்டே போட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அக்டோபர் 24, சனி

எங்கள் ஊர் மாண்டுராவில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் சேர்ந்தேன். என்னோடு சேர்த்து இருபது பேர். நான் ஒருத்திதான் பெண். ஆண்டுக் கடைசியில் ஆளுக்குப் பத்தொன்பது பாட்டில் கொண்டுவந்து, ஒருவருக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வார்கள். நானும் பேர் கொடுத்துவிட்டேன். இன்று அதற்காகத்தான் காய்ச்சினேன்.

சங்கத்தை நடத்தும் லிண்ட்சே நல்ல மனிதர். "பாட்டில் பாட்டிலா கட்டி போடாதே நெரிடா. சர்க்கரையைக் காய்ச்சிப் பாகா மொத்தத் தொட்டியில கலந்துரு. எல்லாத்துலயும் ஒரே அளவு நுரை வரும்" என்றார்.

அத்தோல் வேறு ரகம். மூன்று பானை, இரண்டு பம்பு வைத்துக் காய்ச்சுகிறவர். என் பையைப் பற்றிக் கேட்டதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஜன்னல் துணியில பீரா? குடிச்சா வெளியில வேடிக்கை பார்க்கத் தோணுமோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அவர் மனைவி க்வெண்டா மட்டும் சிரிக்காமல், "தையல் எப்படிப் போட்டே, ரெட்டைத் தையலா?" என்று கேட்டாள்.

நவம்பர் 10, செவ்வாய்

காலையில் நான் கடைக்குப் போன பிறகு டாரல் விமானம் ஏறிவிட்டான். மாலை வந்து தனியாகவே அடைத்தேன். பாட்டில்களை நேற்றே கழுவிக் கிருமி நீக்கிப் பெட்டிகளில் நிறுத்தித் துண்டு போட்டு மூடியிருந்தேன். லிண்ட்சே சொன்னபடி பாகு காய்ச்சித் தொட்டியில் கலந்தேன். இருபத்தொன்பது பாட்டில். நிரப்பும் குழாயின் நுனி அடியில் எதிலோ இடித்தது. பாட்டிலின் அடி மேடாக இருக்கும் போல.

நவம்பர் 28, சனி

பாட்டில் மாற்று விழா. லிண்ட்சே வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுட்டார்கள். என் பாட்டில்கள் பத்தொன்பதும் மேசையில் வரிசையாக நின்றன. சீட்டில் என் கையெழுத்து: "டிசம்பர் 20க்கு முன் திறக்காதீர்கள்." அதற்குள் நன்றாகப் பக்குவமாகிவிடும்.

அத்தோல் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பரவாயில்லையே, தெளிவாத்தான் இருக்கு. வண்டியில போட்டு வடக்கே கொண்டுபோறேன். இருபதாம் தேதி கடற்கரையில உட்கார்ந்து திறக்கிறேன்" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்ததே பெரிது. வீடு வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

டிசம்பர் 8, செவ்வாய்

டிசம்பர் கோடை, நாற்பத்தொரு டிகிரி. டாரல் காலையில் கிளம்பிப் போனான்.

நாலரை மணிக்கு ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் பலகை விழுந்தது என்று நினைத்தேன். பிறகு பீர் வாசனை. துணி துவைக்கும் அறைக் கதவைத் திறந்தால் தரை முழுக்க நுரை. கண்ணாடித் துண்டு சலவை இயந்திரத்தின் பிளாஸ்டிக் மூடியில் குத்தி நிற்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் மீதி ஒன்பதும் சும்மா நிற்கின்றன.

ஒரு பாட்டிலில் பழுது இருந்திருக்கும். பழைய பாட்டில்தானே.

அப்படித்தான் இருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.  

டிசம்பர் 9, புதன்

காலை ஆறரைக்கு டாரலைக் கூப்பிட்டேன். வெடித்ததைச் சொன்னேன்.

"எப்படி வெடிக்கும்? அளவாத்தானே போட்டேன்" என்றான்.

"என்னத்தப் போட்டே?"

"கட்டிதான். நான் கிளம்பின அன்னிக்கு, பாட்டில் எல்லாம் காலியா நின்னுச்சே. நீ வேலைல இருந்து அலுத்து வருவியேன்னு துண்டைத் தூக்கி ரெண்டு ரெண்டா போட்டு வச்சேன். சொல்லலையா நான்?"

சொல்லவில்லை. பழுப்புப் பாட்டில், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் உள்ளே தெரியாது. குழாய் இடித்தது பாட்டிலின் அடி இல்லை. கட்டி. பாகும் இருக்கிறது, கட்டியும் இருக்கிறது. எல்லாப் பாட்டிலிலும் இரட்டைச் சர்க்கரை, இரட்டை வாயு.

 பிறகு, "எல்லாருக்கும் சொல்லிடு நெரி. இப்பவே" என்றான்.

சங்கத்தாருக்கு அனுப்ப எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அத்தோலின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. ஜன்னல் துணிக்காரி வெடிகுண்டு செய்திருக்கிறாள் என்று பத்து வருஷத்துக்குச் சொல்லுவார். ஒரே ஒரு பெண் சேர்ந்தாள், அவளும் இப்படி.

எல்லார் பாட்டிலும் வெடிக்கும் என்று என்ன கட்டாயம்? குளிர்ச்சியான இடத்தில் வைத்திருப்பார்கள். நாளை வெயில் குறையுமாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் இரண்டு தடவை தப்பான மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் போனேன். மேலாளர் பார்த்துவிட்டாள்.

டிசம்பர் 10, வியாழன்

இரண்டு வெடித்தன. ஒன்றன் பின் ஒன்றாக. துணியை எடுக்கலாம் என்று கதவுப் பிடியில் கை வைத்திருந்தேன். கதவு திறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு பார்த்தால் கதவின் உள்பக்கத்தில் விரல் நீளத் துண்டு ஒன்று பாய்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் தொண்டை உயரம்.

 என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? பத்தொன்பது வீடு!

லிண்ட்சேயைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு வெல்டிங் உறை, உடம்புக்குக் கனமான கோட்டு. ஈரத்துண்டைப் போட்டு மூடி குளிர்பெட்டில வைக்கச் சொல்லு. நல்லா குளிர்ந்தப்புறம் மூடியை மெதுவா நெம்பி காத்தை விடணும். ஒன்பது பேரை நான் கூப்பிடுறேன், மீதியை நீ கூப்பிடு" என்றார். பிறகு, "நல்ல வேளை, தெரிஞ்ச உடனே சொன்னே" என்றார்.

நேற்றே தெரியும் என்று திருத்தாமல் பேர்ப் பட்டியலை எடுத்தேன்.

எட்டு மணிக்குள் பதினெட்டு வீடும் தெரிந்துவிட்டது. ஒருவரின் கொட்டகையில் போன வாரமே வெடித்திருக்கிறது. யார் பாட்டில் என்று தெரியாமல் கூட்டிப் போட்டிருக்கிறார். இன்னொருவர் பாட்டிலைக் குழந்தை தூங்கும் அறையின் அலமாரியில் வைத்திருந்தாராம். போனிலேயே ஓடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து "எடுத்துட்டேன்" என்று சொல்லும்வரை பட்டியலில் அடுத்த பேரைப் பார்க்கவில்லை.

அத்தோல் மட்டும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே, உள்ளேயே படுத்துத் தூங்கும் வீட்டு வண்டியைக் காரில் மாட்டிக்கொண்டு க்வெண்டாவோடு வடக்கே கிளம்பிவிட்டாராம். போன் அணைந்திருக்கிறது. பாட்டில்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் வைப்பார் என்கிறார் லிண்ட்சே. அந்தக் கட்டிலில் இரண்டு பேர் தூங்குகிறார்கள்.

டிசம்பர் 11, வெள்ளி

விடுப்பு சொல்லிவிட்டேன். அவர்கள் போகும் வழியில் ஜெரால்டன் ஊருக்கு வடக்கே கார்னார்வன் வரை சாலையில் எத்தனை பெட்ரோல் பங்க் உண்டோ அத்தனைக்கும் போன். "பச்சைக் கோடு போட்ட வீட்டு வண்டி. வெள்ளைத் தாடிக்காரர். கூட ஒரு அம்மா, ஒல்லியா, குட்டை முடி."

ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பங்க்கில் ஒரு பெண், "பெட்ரோல் போடாம இந்த ரோட்டுல யாரும் போக முடியாதும்மா. வரலைன்னா வரலைதான். பம்புல சீட்டு ஒட்டி வைக்கிறேன். என்ன எழுதணும்?" என்று கேட்டாள். "கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாட்டிலைத் தொடாதீர்கள்" என்றேன். அவள் அதை ஒரு தடவை திருப்பிப் படித்தாள். "சரிம்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பியவர்கள் இன்னும் ஜெரால்டனைத் தாண்டவில்லை என்றால் எங்கே இருக்கிறார்கள்? இரண்டு பேரும் ஏன் போன் எடுக்கவில்லை? யோசிக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதுவே வருகிறது.

டிசம்பர் 12, சனி

காலை ஒன்பதுக்கு அத்தோல் கூப்பிட்டார். ஜெரால்டன் ஆஸ்பத்திரியிலிருந்து. நேற்றுவரை போனை அணைத்தே வைத்திருந்தாராம்.

க்வெண்டாவின் இடது கை. புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. தொப்பி எடுக்கக் கட்டில் பலகையைத் தூக்கியிருக்கிறாள். கட்டைவிரலின் நரம்பு அறுந்து, அறுவை சிகிச்சை. விரல் மடங்குமா என்று ஆறு வாரம் கழித்துத்தான் தெரியுமாம். கண் தப்பியது.

"உன் பாட்டில்தான்னு லிண்ட்சே செய்தி பார்த்துதான் தெரிஞ்சுது" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். "நீ ஊர் பூரா போன் போட்டியாமே. தெரிஞ்ச உடனே சொல்லியிருக்கே. நானா இருந்தா வாயைத் திறந்திருப்பேனான்னு தெரியலை. கிண்டல் பண்ணினதெல்லாம் மனசுல வச்சுக்காதேம்மா."

புதன்கிழமை மூன்று மணி.

புதன்கிழமை காலை ஆறரைக்கே எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்கள் ஜெரால்டனுக்குள்தான் இருந்திருக்கிறார்கள். போன் எடுத்திருப்பார்கள்.

டிசம்பர் 25, வெள்ளி

இறால் உரித்துத் தனியாகச் சாப்பிட்டேன். சங்கத்தில் ஒவ்வொருவராக வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள். "தைரியசாலி நெரிடாவுக்கு" என்று ஒன்று. அதை அழித்துவிட்டேன்.

ஜனவரி 16, 2010, சனி

போன தடவை வந்திருந்தபோதே டாரல் வேண்டாம் என்றான். "சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க விரல் திரும்பி வருமா?" கட்டியைப் போட்டது நான்தானே, பழி என்மேல் இருக்கட்டும் என்றும் சொன்னான். நீ போட்டது தெரியாமல் செய்தது, நான் செய்தது தெரிந்தே செய்தது என்றேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. இன்று தனியாகப் போனேன்.

அத்தோல் வீட்டில் இல்லை. க்வெண்டா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில் கட்டு இல்லை, ஆனால் கட்டைவிரல் நேராக நிற்கிறது. கிளிப்பைப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கிப் போட ஆரம்பித்தேன். அவள் வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

நாலு சட்டை வரை வாய் வரவில்லை. ஐந்தாவதில் சொன்னேன்.

"எங்க வீட்டுல முதல்ல வெடிச்சது செவ்வாக்கிழமை க்வெண்டா. ஏன்னு புதன்கிழமை காலைலயே தெரிஞ்சுபோச்சு. அவமானமா இருந்துச்சு. வியாழக்கிழமைதான் சொன்னேன்."

அவள் துணியைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"எனக்குப் புதன்" என்றாள்.

"தெரியும்."

போ என்பாள் என்று நினைத்தேன். கிளம்பத் தயாராகக் கிளிப்புக் கூடையைக் கீழேகூட வைத்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கொடியில் தொங்கிய சட்டையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. கோபம்தான், சந்தேகமில்லை.

"அடுத்த தடவை செவ்வாக்கிழமையே கூப்பிடு" என்றாள்.

பிறகு அடுத்த துணியை நீட்டினாள். துணிக் கூடை காலியாகும்வரை கிளிப் போட்டேன். தேநீருக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 18, ஞாயிறு

மறுபடி காய்ச்சிய பீர். ருசி பார்க்க ஆறு பேருக்கு ஆறு பாட்டில், போன வாரம் கொடுத்தேன். இன்று காலை பத்தரைக்கு நான் ஒன்றைத் திறந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பொங்கியது. மேசை நனைந்தது, அவ்வளவுதான். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

பத்து முப்பத்தைந்துக்குள் ஐந்து பேரைக் கூப்பிட்டுவிட்டேன். ஆறாவது அத்தோல். சிரிக்க ஆரம்பித்தார். "பீருன்னா பொங்கத்தான் செய்யும் நெரிடா! இதுக்கெல்லாமா ஞாயித்துக்கிழமை காலைல..."

பின்னாலிருந்து க்வெண்டாவின் குரல்: "யாரு, நெரிடாவா? பாட்டிலை வெளியில கொண்டுபோய் வைங்க."

சிரிப்பு நின்றது. போனை மேசையில் வைத்துவிட்டு அவர் நடந்து போகும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.