மங்களம் பாடாத கச்சேரி

முகாம், திருச்சுழி வழி
8.12.1991

அன்பு ஹெப்சிபா அக்காவுக்கு,

நலம். முகாமில் பால்மா வாங்கும் வரிசையில் நான் பாட்டை முணுமுணுத்ததைக் கேட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கோயில் ஆர்கனுக்குப் பக்கத்தில் இருத்தினீர்கள். எல்லாம் பாடுகிறாய், மங்களம் மட்டும் ஏன் பாடமாட்டேன் என்கிறாய் என்று அன்றே கேட்டீர்கள்.

எங்கள் ஊர்க் கச்சேரியில் மங்களத்துக்கு முன்னம் ஷெல் விழுந்தது. முன்வரிசையில் ஏழு பேர் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் இன்னும் எழும்பவில்லை அக்கா. எங்கே பாடினாலும் முன்னால் வந்து இருக்கிறார்கள். மங்களம் பாடினால்தானே சபை எழும்பலாம்? உங்கள் கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனையில் பாடி அவர்களை அனுப்பிவிடுகிறேன். இப்போதுதான் துணிவு வந்தது.

ஆகிரி ராகத்தில் கிறிஸ்மஸ் பாலனுக்கு ஒரு தாலாட்டும் சுரப்படுத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். காலையில் ஆகிரி பாடினால் அன்று சோறு கிடைக்காதாம். முகாமில் அந்தப் பயம் இல்லை!

அன்புடன்,
புனிதவதி

அருப்புக்கோட்டை
16.12.1991

அன்புப் புனிதா,

மெட்டு வந்தது. வாசித்து அழுதேன். ஆனால் இந்த வருஷம் பாட்டு ஆராதனை கிடையாது, வீணாக அலையாதே.

மே மாதக் கொலைக்குப் பிறகு இலங்கைப் பேச்சைக் கேட்டாலே இங்கே கதவைச் சாத்துகிறார்கள். திருவிழாப் பாட்டுக் கச்சேரிகூட டப்பாங்குத்தோடு சரி. சோகப் பாட்டென்றால் "யார நெனச்சுப் பாடுறீக?" என்கிறார்களாம். 'தாய்மண்' என்று வரும் வரியைப் பாடகரே விழுங்கிவிடுகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பனிக்கு ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஹெப்சிபா

முகாம்
3.1.1992

அக்கா,

போர்வைக்கு நன்றி சொல்ல, அனுமதிச் சீட்டு வாங்கி, இருபத்துநாலாம் தேதி பின்னேரம் பஸ் ஏறி வந்தேன். கோயில் நிறைய வெளிச்சம். உள்ளே என் தாலாட்டு, ரிதம் பாக்ஸும் கைதட்டலுமாக. அந்த வேகத்தில் பிள்ளை எப்படி நித்திரை கொள்ளும்?

வாசலிலேயே நின்று வாய்க்குள் மங்களம் பாடினேன். உள்ளே முன் பெஞ்சில் இருந்த அந்த ஏழு பேரும் எழும்பவில்லை. திரும்பும்போது அவர்கள் என்னோடு வரவும் இல்லை. உங்கள் கோயிலிலேயே இருந்துவிட்டார்கள் போல.

கோபமில்லை அக்கா. நோகிறது. ஊருக்குத் திரும்பும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

புனிதவதி

அருப்புக்கோட்டை
9.2.1992

புனிதா,

பொய்தான் எழுதினேன். பாடகர் குழுச் செயலர் ஜான்ராஜ் அண்ணன், "அவுகளக் கூப்பிட்டா நாளைக்கு ஒங்க வீட்டுக்கும் விசாரிக்க வருவாக" என்றார். பாடுவோர் பட்டியலில் உன் பெயரை நானே அடித்தேன். மெட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். அதிலுள்ள அழுகை வெளியே கேட்கக் கூடாதென்று ரிதம் பாக்ஸ் வைக்கச் சொன்னதும் நான்தான். ஊரைக் கேலி செய்தேன், அரண்டவள் நானே.

இப்போதெல்லாம் முன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை அவர்களுக்கு. எனக்குத் தெரியும். நேற்றுத் தனியாக உட்கார்ந்து மங்களம் வாசித்துப் பார்த்தேன். அவர்கள் எழும்பவில்லை. உன் குரலுக்காகத்தான் இருக்கிறார்கள்.

கப்பலேறும் முன் ஒரே ஒரு தடவை வா. வாசலில் வேண்டாம், முன்னால் நின்று பாடு. யார் கேட்டாலும் நான் கூப்பிட்டேன் என்று சொல்கிறேன்.

ஹெப்சிபா

(உறையின் மேல், சிவப்பு மையில்)
விலாசதாரர் 4.2.92 அன்று கப்பலுக்குச் சென்றுவிட்டார். அனுப்பியவருக்கே திருப்புக.