ஒற்றை டிக்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தங்கை ஸ்டெல்லாவைப் புருஷன் வீட்டிலிருந்து கூட்டி வந்து நான்கு நாளாகிறது. ஆட்டிசம் உள்ளவள், யார் விதி போட்டாலும் அப்படியே பிடித்துக்கொள்வாள். சாப்பிடும் முன் தட்டைப் படமெடுத்துப் புருஷனுக்கு அனுப்பி, அவன் சரி என்ற பிறகே கை வைக்க வேண்டுமாம். கப்பலில் வேலை பார்க்கும் பாவி.

மதியம் சாளை மீன் குழம்பும் சோறும் ஆறிக் கிடந்தன.

"இன்னும் ஒத்த டிக்தான், அக்கா."

"ஏளா, கப்பல் இன்னிக்கு நடுக்கடலுக்குப் போயிட்டு. அங்கன சிக்னல் ஏது? இனி அவனுக்கு அனுப்பாத. நான் சொல்லுதேன், சாப்பிடு."

சாப்பிட்டாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இரவு அடுப்படியில் நின்றபோது என் போனுக்கு ஒரு படம் வந்தது. அவள் தட்டில் இரண்டு தோசை. கீழே, "சாப்பிடலாமா, அக்கா?"

பசியோடு இருப்பாளே என்ற பதற்றத்தில், "சாப்பிடு" என்று அனுப்பிவிட்டேன்.