அழிந்துபோன இருபத்தைந்து எழுத்துகள்

அப்பா,

இன்று காலை கடையைத் திறந்தபோது சந்தன வாசம் வந்தது. எங்கள் கடையில் இருந்து இல்லை. உங்கள் ஆண்டுத் திவசம் முடியும்வரை நாங்கள் பூசை செய்வதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். பக்கத்துத் தையல்கடை அக்கா ஆயுத பூசைக்காகத் தன் மெசினுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்.

"உங்கடை கொம்பியூட்டருக்கும் ஒரு பொட்டு வைச்சுவிடட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம் அக்கா!" என்றேன். நான் இவ்வளவு சத்தமாகக் கதைத்து அவர் கேட்டதில்லை. விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்த வாசம் எனக்கு ஏன் ஆகாது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கணினிப் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த எழுத்துகளை அழித்தது நான், அப்பா. பெட்டியை விற்ற நியாஸ் மாமா உங்களை ஏமாற்றவில்லை.

போன வருடம் பூசைக்கு முதல் நாள் நடந்தது அது. நீங்கள் பழம் வாங்க அச்சுவேலிச் சந்தைக்குப் போயிருந்தீர்கள். முந்தின வருடம் பூசிய சந்தனம் பெட்டியின் பக்கத்தில் காய்ந்து கறையாகக் கிடந்தது. துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. போட்டோக் கொப்பி மெசினின் கண்ணாடியைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தேன். சந்தனம் போனது. கீழே இருந்த ஸ்டிக்கரில் எழுத்துகளும் சேர்ந்து போயின. வெறும் நீலக் காகிதம் மிஞ்சியது.

அது என்ன ஸ்டிக்கர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டி வந்த அன்றே காட்டியிருந்தீர்கள். "காணிக்கு உறுதிப் பத்திரம் மாதிரி, பிள்ளை, இந்தப் பெட்டிக்கு இதுதான் உறுதி. இந்த இருபத்தைஞ்சு எழுத்தும் இருந்தால்தான் உள்ளுக்கை ஓடுற இயங்குதளம் எங்கடை சொந்தம்."

நீங்கள் வருவதற்குள் சந்தனத்தைக் குழைத்து அந்த நீலக் காகிதத்தின் மேல் தடிப்பாகப் பூசினேன். நடுவில் குங்குமமும் வைத்தேன். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "இந்தமுறை வடிவாப் பூசியிருக்கிறாய்" என்றீர்கள்.

வேறு கடையாக இருந்தால் அது ஒரு பெரிய விசயமே இல்லை. எங்கள் வீதியில் எல்லாரும் காசு கொடுக்காத கள்ளக் கொப்பிதான் போட்டிருந்தார்கள். உங்களுக்கு மட்டும் அது சரிவரவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவுகள் இல்லை, யன்னல் இல்லை, நிலைகளைக்கூடக் கழற்றியிருந்தார்கள் என்று சொல்லுவீர்கள். "கொண்டுபோனவனைக் கேட்டால் சும்மாதானே கிடந்தது எண்டிருப்பான். நானும் அப்பிடிச் சொல்லக்கூடாது." கல்யாணக் கார்ட் அடிக்க வந்தவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லுவீர்கள். அவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

அதனால்தான் பழைய கணினி வாங்க நியாஸ் மாமாவிடம் போனீர்கள். யாழ்ப்பாணம் டவுனில் அவருடைய பாவித்த சாமான் கடை. நீங்கள் இருவரும் ஒரே வகுப்பு. தொண்ணூறில் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவருக்குப் பதினைந்து வயது. தன் சைக்கிளை உங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்த அன்று அதற்குக் காற்றடித்து உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தீர்கள்.

பெட்டி வாங்கிய அன்று நானும் வந்திருந்தேன். "ஸ்டிக்கர் இல்லாத பெட்டியும் கிடக்கு மச்சான், அது மலிவு. ஆனால் நீ பெரிய நீதவானெல்லே, உனக்கு அது செமிக்காது" என்று சிரித்தார் நியாஸ் மாமா. பிறகு, "உந்த ஸ்டிக்கர் இலக்கத்தை எங்கையேன் ஒரு கொப்பியிலை எழுதி வை" என்றார்.

"ஏன், பெட்டிக்குக் கால் இருக்கே ஓடுறதுக்கு?" என்றீர்கள்.

நாங்கள் எழுதி வைக்கவில்லை.

தை மாதம் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. திருத்துபவர் புதியதைப் போட்டார். இயங்குதளத்தைத் திரும்பப் பதித்துவிட்டு இலக்கத்தைக் கேட்டார். நீங்கள் குனிந்து காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினீர்கள். சுரண்டச் சுரண்ட நீலம் மட்டும் வந்தது. நான் அலுமாரிக்குப் பின்னால் என் மேசையில் இருந்தேன். ஆட்கள் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும் என்று நீங்கள்தான் அந்த இடத்தில் மேசை போட்டுத் தந்தீர்கள். வகுப்பில் வாய் திறக்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அன்றும் வாய் திறக்கவில்லை.

"நல்ல ஸ்டிக்கர் எண்டால் எழுத்து அழியுமோ?" என்று திருத்துபவரைக் கேட்டீர்கள்.

"ஆர் கண்டது அண்ணை. வீட்டிலை அடிச்சு ஒட்டினதோ தெரியாது. விடுங்கோ, கொப்பி ஒண்டு போட்டுவிடுறன். அஞ்சு நிமிசம்."

"வேண்டாம்" என்றீர்கள். அவர் போனதும் நியாஸ் மாமாவுக்குப் போன் எடுத்தீர்கள். மச்சான் என்று தொடங்கவில்லை. "ஐயா, நீங்கள் தந்த சாமான் போலி" என்றீர்கள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "உங்களை நம்பினது என்ரை பிழை" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள்.

அதன்பிறகு திரையின் பின்னணி கறுப்பாகிவிட்டது. மூலையில், இது அசல் இல்லை என்ற வரி நிற்கும். "என்ன, கொம்பியூட்டரும் செத்தவீட்டுத் துடக்குக் காக்குதோ?" என்று தையல்கடை அக்கா பகிடி விடுவார். புதிய உரிமம் வாங்கவும் நீங்கள் சம்மதிக்கவில்லை. "வாங்கினதை ரெண்டாந்தரம் வாங்கிறதோ?" என்றீர்கள். அந்த வரியைப் பார்த்தபடியே மற்றவர்களின் காணி உறுதிகளைத் தட்டச்சுச் செய்தீர்கள்.

ஒருநாள் பின்னேரம் ஆட்கள் இல்லை. என் பக்கம் திரும்பி, "நியாஸ் ஒருக்காலும் எனக்குப் பொய் சொன்னதில்லை, பிள்ளை. உதிலை மட்டும் ஏன்?" என்று கேட்டீர்கள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கடதாசிக் கட்டைத் தட்டி ஓரம் நேராக்கினேன். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

ஆவணியில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

செத்தவீட்டன்று நியாஸ் மாமா வந்தார். உள்ளே வரவில்லை. வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முடக்கில் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யன்னலால் பார்த்தேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த மறுநாள் பஸ் ஏறி டவுனில் நியாஸ் மாமாவின் கடைக்குப் போனேன். தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. சொல்ல வராது என்று தெரியும், அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "கண்ணாடி இல்லை பிள்ளை, நீயே சொல்லு" என்றார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

சொன்னேன். ஸ்பிரிட், சந்தனம், உங்கள் கேள்வி, எல்லாம். அழுது அழுது சொன்னதால் எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியவில்லை. முடிந்ததும் அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு நீளக் கொப்பியை எடுத்து விரித்தார். விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. உங்கள் பெயருக்கு நேரே அந்த இருபத்தைந்து எழுத்துகளும் இருந்தன.

"கேட்டிருந்தால் போனிலையே வாசிச்சிருப்பன்" என்றார். "அவன் கேக்கேல்லை. ஐயா எண்டான். எனக்கும் கோவம் வந்திட்டுது. கொப்பி கிடக்கெண்டு நானும் சொல்லேல்லை." பிறகு வெளியே வீதியைப் பார்த்துக்கொண்டு, "ஐயாவாம்" என்றார்.

இலக்கத்தைத் துண்டில் எழுதித் தந்தார். கடைக்கு வந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். கணினி ஏற்றுக்கொண்டது. மூலையில் இருந்த வரி போய்விட்டது. இப்போது அது முறைப்படி எங்களுடையது, அப்பா. இலக்கத்தை மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை நியாஸ் மாமா வீட்டுக்கு வந்தார். படலையைத் திறந்து உள்ளே வந்து உங்கள் படத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அது ஆறும்வரை குடிக்கவில்லை. போகும்போது என்னிடம், "நீ சின்னப்பிள்ளை, உதை மனசிலை வைச்சுக்கொண்டிருக்காதை" என்றார்.

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் வாய் திறந்த மறுநாளே அவர் எங்கள் படலைக்குள் வந்துவிட்டார். ஒரே ஒரு நாள்தான் எடுத்தது. நீங்கள் அவருக்குப் போன் எடுத்த அன்றிலிருந்து ஏழு மாதம் உயிரோடு இருந்தீர்கள்.