ஒரு தடவை திறந்தால் ஏழு வரி

மார்ச் 4
வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இன்று பதிவறைப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். மருத்துவமனை இயக்குநரின் மனைவியுடைய கோப்பை ஒரே நாளில் ஏழு தடவை திறந்து பார்த்தாளாம். யார் கோப்பைப் பார்த்தார் என்று கணினியே எழுதும் பார்வைப் பதிவேட்டில் ஏழு வரி. மணி இல்லை, தேதி மட்டும்.
“முகவரி மாத்தணும்னாங்க. ஒரு தடவைதாண்ணே திறந்தேன்.” என்றாள். அழவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 5
எங்கள் கணினிப் பிரிவின் தலைவனுக்குச் ‘சின்னவர்’ என்று பெயர். என்னிடம் வேலை கற்றவன். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார்” என்கிறான். எனக்கே பாடம்!

மார்ச் 7
பதிவேட்டு வரிகளை எண்ணிப் பார்த்தேன். அவள் கவுன்டரில் எல்லாக் கோப்புக்கும் ஏழு, பதினான்கு, இருபத்தொன்று. புதுக் கணினித் திரை வெள்ளோட்டம் விட்டது அங்கே மட்டும்தானே!
பிடிபட்டுவிட்டது. நோயாளி எண்ணைக் கொடுத்தால் பெயர், வயது, முகவரி என ஏழு விவரங்களை ஒரே மூட்டையாகத் தரும் ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டி நிரல், அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. தரும்போதே ‘இன்னார் பார்த்தார்’ என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதும். மூட்டையைத் தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரிக்க, டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் க்வெரியில் ஃபங்ஷனுக்குப் பின்னால் ஒரு புள்ளியும் நட்சத்திரக் குறியும் போட்டிருக்கிறார்கள். டேட்டாபேஸ் அதை ஏழு அழைப்பாக விரித்துவிடும்; அழைப்புக்கு ஒரு வரி, ஆக ஏழு வரி. ஒரே தடவை கூப்பிட்டு, வாங்கி வைத்துக்கொண்டு, பிறகல்லவா பிரிக்க வேண்டும்?
சின்னவா, மாட்டினாய்.

மார்ச் 8
மனைவியிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணுக்காகப் பேசப் போறீங்களா, அந்த நாற்காலிக்காகவா?”
தட்டை நீட்டி இன்னொரு கரண்டி சோறு கேட்டேன்.

மார்ச் 9
விசாரணைக் குழுவுக்குக் கடிதம் தயார். கீழே முழுப்பெயர், பட்டம், இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஆதாரத்துக்காக, அந்தப் புள்ளியையும் நட்சத்திரத்தையும் போட்டது யார் என்று, எந்த வரியை யார் மாற்றினார் எனக் காட்டும் மாற்றக் குறிப்புகளில் தேடினேன்.
நான்.

மார்ச் 10
லீவு.

மார்ச் 11
நாளை அவளுக்கு விசாரணை.
சின்னவன் போன் செய்தான். “உடம்புக்கு என்ன சார்? ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?” இவன் ஏன் இப்படிக் கேட்கிறான்?
கடிதத்தில் அவனைப் பற்றி எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். மிச்சம் அரைப்பக்கம்: என்ன நடந்தது, எப்படிச் சோதிப்பது, எந்த வரியை மாற்றுவது. யார் சோதித்தாலும் ஏழுதான் வரும். அதற்கு என் பெயர் எதற்கு?
— சும்மா சாக்குச் சொல்கிறேன். பயமாயிருக்கு. அவ்வளவுதான்.
காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், விசாரணை அறைக் கதவில் ஒட்டிவிடுவேன். மாற்றக் குறிப்பைத் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். கையெழுத்து மட்டும் போடமாட்டேன்.