முப்பது நொடி அமைதி

அன்பு மகளுக்கு,

நீ உடலாலும் உள்ளத்தாலும் நலமாக இருப்பாய் என்னும் நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் அம்மா நலம். என் நலம் மட்டும் இன்று ஒரு படத்தை நம்பி நிற்கிறது. தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று சினவாதே. நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது.

சென்ற திங்களின் இறுதியில் ஒரு கூட்டத்தில் நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த ஒலிபெருக்கிக்காரர், "ஐயா, கழுத்துல கோலிக்குண்டு மாதிரி ஏதோ ஏறி இறங்குதே" என்றார். "எதிர்க்கட்சிக்காரரை முழுங்கினதுப்பா, இன்னும் செரிக்கலை" என்று மழுப்பினேன். உன் அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். தைராய்டில் கட்டி, நல்லதா புற்றா என்று தொட்டுப் பார்க்கும் விரலுக்குத் தெரியாது, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். என் குரல் என்னவாகும் என்றேன். குரல் நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது, சிலருக்குக் கம்மிப்போகும் என்றார், மழை வரலாம் என்பதுபோல. நாற்பது ஆண்டுகள் எவருக்கும் அஞ்சாமல் மேடையேறியவன், மகளே, நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

கத்திக்கு முன் படமெடுத்துப் பார்ப்போம் என்றவர் உன் வயதுடைய ஸ்கேன் மருத்துவர். கழுத்தில் குளிர்ந்த பசை தடவி, ஒலியலையால் உள்ளே பார்க்கிறார்கள், ஊசியில்லை, கீறலில்லை. கருவியால் மெல்ல அழுத்தும்போது கட்டி நெகிழ்ந்தால் பெரும்பாலும் தீங்கற்றது, திரையில் பச்சை. கல்லாக நின்றால் ஐயத்திற்குரியது, நீலம். முப்பது நொடி பேசக்கூடாது, எச்சில்கூட விழுங்கக்கூடாது என்றார். நானோ திரையைக் கண்டதும் அக்கருவிக்கு நல்ல தமிழ்ப்பெயர் சூட்டுவது பற்றி அவருக்கே சொற்பொழிவு ஆற்றத் தொடங்கிவிட்டேன். படம் முழுதும் நீலம். "ஐயா, இது கட்டியோட நீலமா, நீங்க பேசி தசை இறுகின நீலமான்னு எனக்குத் தெரியலை. இதை வெச்சு வெட்டுங்கன்னும் சொல்ல முடியாது, விடுங்கன்னும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வாங்க, வாயை வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்றார். வெளியே வந்ததும் உன் அம்மா, "ஊரையே கட்டிப்போட்ட வாயி, அதை அரை நிமிசம் கட்டிப்போட முடியலையா உங்களால" என்றாள்.

நான்கு நாளாக வீட்டில் பழகுகிறேன். அவள் கடிகாரம் பிடிக்கிறாள். பத்தாம் நொடியில் எச்சில் ஊறுகிறது, பதினைந்தில் சொல் ஊறுகிறது. நேற்று முப்பதைத் தொட்டேன். அந்த அமைதியில்தான் அவள் மூச்சு நடுங்குவது கேட்டது. இத்தனை நாளும் என் பேச்சில் அது எனக்குக் கேட்கவேயில்லை.

இன்று வெள்ளி. ஸ்கேன் அறை வாயிலில் முழங்கால்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கட்டி நெகிழ்ந்தால் ஆறு திங்கள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். நெகிழாவிட்டால் ஊசியால் சிறிது எடுத்துச் சோதிப்பார்கள், பிறகு கத்தி. எதுவாயினும் விடுப்புக் கேட்டு ஓடிவராதே, நான் கூப்பிடும்போது வா. கூப்பிடும் குரல் எப்படியிருந்தாலும் வா. மறவாமல் நீயும் கண்ணாடி முன் நின்று தண்ணீர் குடித்து உன் கழுத்தைப் பார். நீயும் உன் வீட்டாரும் நோயின்றி நீடு வாழ்க.

என்னை அழைக்கிறார்கள். உன் அம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறாள். சரி என்றுகூடச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுகிறேன்.

உன் அப்பா